விற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு வாங்கலாமா?

பத்து லட்சம் கையில் இருக்கிறது, சந்தை எப்படிப் போகுமென்று தெரியவில்லை, நல்ல பங்காக வாங்கிப்போட்டு விற்பதைப் பிறகு யோசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. எப்படி வெளியே வருவீர்கள் என்பது முடிவானால்தான் எதை வாங்கலாம் என்பதே தெரியும்.

ஒரு பங்கில் நட்டம் 10,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 500, ஸ்டாப்லாஸ் (இதற்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்பே குறிக்கும் விலை) 450 என்றால் பங்குக்கு 50 ரூபாய் நட்டம், 200 பங்கு வாங்கலாம். தினமும் துள்ளுகிற சிறு நிறுவனப் பங்கென்றால் ஸ்டாப்லாஸ் 400-லாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றாடத் துள்ளலிலேயே ஸ்டாப்லாஸ் அடிபட்டு விற்றுப்போகும். ஆகவே 100 பங்குதான். ஆபத்து அதோடு முடியவில்லை. அதற்கு 5% சர்க்யூட் (ஒரு நாளில் விலை அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத வரம்பு) இருந்து, கெட்ட செய்தி வந்து பத்து நாள் தொடர்ந்து லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய கீழ் வரம்பில், பூட்டிக்கொண்டால் விலை 299. வாங்க ஆளில்லாமல் உங்கள் ஆர்டர் வரிசையிலேயே நிற்கும். 10,000 என்று போட்ட கணக்கு 20,000 ஆகிவிடும். ஸ்டாப்லாஸை நம்புகிறவர்கள் எஃப்&ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகமும் நடக்கும் பங்குகள்) பட்டியலில் உள்ள பங்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவற்றுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது, விற்றால் வாங்க ஆள் இருக்கும்.

ஜிடிடி (குறித்த விலை வந்ததும் ஆர்டர் தானே போகும் வசதி) போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: டிரிக்கர் (ஆர்டர் கிளம்பும் விலை) 450, லிமிட் (அதற்குக் கீழே விற்காத விலை) 448 என்று வைத்து, பங்கு காலையில் 430-ல் திறந்தால் ஒன்றும் விற்காது. லிமிட்டை 420-ல் வையுங்கள்; 430 பக்கமே விற்றுவிடும். டிடிபிஐ (விற்ற பங்கைக் கணக்கிலிருந்து எடுக்கத் தரகருக்குக் கொடுக்கும் நிரந்தர அனுமதி) கொடுக்காதவர்கள் அன்றன்று டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதிக்காவிட்டால் அந்த ஆர்டரே நிராகரிக்கப்படலாம்.

'நல்ல நிறுவனத்தை வாங்கினால் விற்கவே வேண்டாம்' என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் மறுசீரமைப்புத் திட்டம் வந்தபோது, 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாமல் முடக்கினார்கள். பெரிய பங்கு, தினமும் கோடிக்கணக்கில் கைமாறிய பங்கு அது. இப்படி வழி அடைபடும்போது ஸ்டாப்லாஸ் உதவாது. ஒரே பங்கில் மொத்தப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடாமல் இருந்திருந்தால் மட்டும் தப்பலாம்.

மூன்று வருடத்தில் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ வேண்டிய பணமென்றால் பங்குப் பக்கமே கொண்டுவராதீர்கள். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13% விழுந்தது. பணம் தேவைப்படும் தேதி அன்றைக்கு வந்திருந்தால் என்ன செய்வீர்கள்?

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20%, அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சம் தாண்டிய லாபத்துக்கு 12.5%. எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2004-ல் நீண்டகால லாப வரியை எடுத்துவிட்டுத்தான் எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்தார்கள். 2018-ல் அந்த வரி திரும்பி வந்தது, எஸ்டிடி மட்டும் போகவில்லை. டெலிவரியில் (அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை) வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%, நட்டத்தில் விற்றாலும் கட்ட வேண்டும். அடிக்கடி வெளியேறும் முறை என்றால் இதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற அளவுக்கு ஏறக்கூடிய பங்காகப் பாருங்கள்.