காவிரிக் கால்வாய்க் கரையில் ஓட்ட கிராவல் சைக்கிள் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வயது 41, பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன், வாஷிங்டனில் தொடங்கி போட்டோமேக் ஆற்றை ஒட்டியே சரளைப் பாதையில் நாலு நாள் சைக்கிள் ஓட்டி வீடியோ அனுப்பினான். வழியில் ஒரு கார்கூட இல்லை. நம் காவிரிக் கரையிலும் அப்படி ஓட்ட ஆசையாக இருக்கிறது. சரளைப் பாதைக்கென்றே வரும் கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்று கடையில் 85,000 ரூபாய் சொல்கிறார்கள். என்னிடம் ஏற்கெனவே ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவிலான ஒரு ஹைப்ரிட் இருக்கிறது, டயரில் 700x35 என்று போட்டிருக்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? சங்கமாவில் இருந்து முத்தத்தி வரை ஆற்றோரமாகவே போக முடியுமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். அர்க்காவதி வந்து காவிரியில் சேரும் சங்கமாவும், மேக்கேதாட்டும், முத்தத்தியும் எல்லாம் காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதி, 1987 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் கரை அது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது சட்டப்படியும் தப்பு, சத்தமே இல்லாமல் வரும் சைக்கிள் திடீரென்று யானை முன்னால் போய் நிற்பது உயிருக்கும் ஆபத்து. சங்கமா வரைக்கும் தார் ரோட்டில் போய், ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அது போதும்.

ஆனால் உங்கள் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. அக்கா மகன் போனது பெரும்பாலும் செசபீக் – ஓஹாயோ கால்வாயின் கரையாகத்தான் இருக்கும். வாஷிங்டனில் இருந்து கம்பர்லாண்ட் வரை 297 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகை இழுத்துப் போவதற்காகப் போட்ட பாதை, 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது, பாதை மட்டும் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மிஞ்சியது. நமக்கும் அதே போல ஒன்று மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது. கே.ஆர்.எஸ். அணையில் இருந்து வரும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய், உள்ளூரில் வி.சி. நாலெ என்பார்கள். அதன் கரையில் நீர்ப்பாசன ஜீப் போவதற்காகப் போட்ட மண்ணும் ஜல்லியுமான ரோடு ஓடுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றி அதைவிட மிகப் பழைய சிக்கதேவராய சாகர், விரிஜா கால்வாய்களின் கரைகளும் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கரும்பு, காலை ஏழு மணிக்கு எங்கேயோ வெல்லம் காய்ச்சும் வாசனை. ஒரு மணி நேரம் ஓட்டினால் எதிரே வருவது இரண்டு டிராக்டர், ஒரு மாட்டு வண்டி, அவ்வளவுதான். ஹுலிகெரெ பக்கம் கால்வாய் சுரங்கத்துக்குள் போய்விடும், அங்கே மட்டும் ஊர் ரோட்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இனி சைக்கிளுக்கு வருகிறேன். கால்வாய்த் தண்ணீர் தானாக ஓடுவதற்காக மிக மிக மெல்லிய சரிவில் வெட்டியிருப்பார்கள், அதனால் கரை ரோடும் கிட்டத்தட்ட மட்டமாகத்தான் இருக்கும். மலை ஏறுவதற்கான கியர் உங்களுக்குத் தேவையே இல்லை, பதினோரு கியரா பன்னிரண்டு கியரா என்று கடையில் சொல்கிற கணக்குக்கெல்லாம் இங்கே காசு கொடுக்காதீர்கள். உடம்பை உலுக்கி எடுப்பது ஜல்லியும், டிராக்டர் போய்ப் போய் வரி வரியாக ஆன மண்ணும்தான். அதைத் தாங்குவது டயரின் அகலமும், அதில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறீர்கள் என்பதும்.

ஆகவே இப்போதே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் ஹைப்ரிட் பக்கத்தில் உட்காருங்கள். முன் ஃபோர்க்கில் டயருக்கு மேலும் இரண்டு பக்கமும், பின்னால் பெடலை ஒட்டி வரும் இரண்டு குழாய்களுக்கும் டயருக்கும் நடுவிலும் அந்தப் பென்சில் தாராளமாக நுழைந்து வெளியே வருகிறதா பாருங்கள். உங்கள் டயரில் இருக்கும் 35 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். பென்சில் வந்தால் 38 அல்லது 40 அகல டயர் போடலாம் என்று ஒரு கணக்கு, போட்ட பிறகும் எல்லாப் பக்கமும் நாலைந்து மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் மழை பெய்த மறுநாள் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். ரிம்மின் அகலத்துக்கு அந்த டயர் பொருந்துமா என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்சக் காற்று, அந்த அளவுக்கு வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 75 கிலோ ஆளுக்கு 40 மில்லிமீட்டர் டயரில் டியூபோடு 40 பிஎஸ்ஐ பக்கம் வைத்து ஓட்டிப் பாருங்கள், அதே ரோடு வேறு ரோடாகத் தெரியும். டயர் ஜோடி சில ஆயிரத்தில் முடிந்துவிடும், அதைச் செய்து மூன்று மாதம் ஓட்டுங்கள்.

அதற்கப்புறமும் ஒரே நாளில் 80, 100 கிலோமீட்டர் போக ஆசை நிற்கவில்லை என்றால் கிராவல் சைக்கிள் நியாயமான செலவுதான். கைகளை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பிடிக்கும் வளைந்த ஹேண்டில்பார் எதிர்க்காற்றில் நிஜமாகவே உதவும், 45 வரை டயர் போட இடமும் இருக்கும். வாங்கும்போது டிஸ்க் பிரேக் கேபிளில் இயங்குவதாக இருக்கட்டும். ஹைட்ராலிக் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை, ஆனால் மண்டியாவில் ஒரு ஊரில் மாட்டிக்கொண்டால் கேபிளை எந்த சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம்.

இன்னொன்று. இந்த வகை டியூப்களில் பல மெல்லிய பிரெஸ்டா வால்வோடு வரும். பாண்டவபுரா பக்கம் ஒருமுறை கருவேல முள் குத்தி பஞ்சர் ஆகி, அன்றைக்குப் பார்த்து என் பம்பும் கெட்டுப்போய், மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் கம்ப்ரசரைப் போட்டுவிட்டு நாசிலை வைத்துப் பார்க்கிறார், உட்காரவே இல்லை. பைக் டியூபுக்கான நாசில் அது. கட்டைவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வில் திருகியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். அன்று முதல் ஒன்று வால்விலேயே, இன்னொன்று பர்ஸில். டியூபும் இரண்டு கையோடு கொண்டு போங்கள், இந்த அளவு டியூப் கிராமத்துக் கடையில் கிடைக்காது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கரையில் பல இடங்களில் தடுப்பே கிடையாது, காங்கிரீட் சரிவு வழுக்கும், தண்ணீர் வேகம், உள்ளே விழுந்தால் நன்றாக நீச்சல் தெரிந்தவரும் ஏறி வருவது கஷ்டம். எப்போதும் தண்ணீரை விட்டுத் தள்ளி, ரோட்டின் மறு ஓரமாக ஓட்டுங்கள், இருட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். அது சைக்கிளுக்காகப் போட்ட பாதையும் அல்ல, வேலை நடக்கும் இடத்தில் திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ‘எல்’ அளவு ஃப்ரேம் என்று கடையிலேயே அளந்து சொல்லி 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார்கள். இப்போது ‘எம்’ தான் இருக்கிறது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றித் தருகிறோம், இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்பாது என்கிறார்கள். – அல்சூர் வாசகி

பதில்: எம் எடுக்காதீர்கள் அம்மா. ஸ்டெம் மாற்றினால் கை எட்டும் தூரம் கொஞ்சம் மாறும், ஃப்ரேம் பெரிதாகாது, நீண்ட தூரத்தில் முதுகும் கழுத்தும் வலிக்கும்.

சொன்ன பொருளைக் கொடுக்க முடியாதது அவர்கள்தான், எனவே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வாய் வார்த்தையாகப் பேசாமல், ரசீதில் எல் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்து, இத்தனாம் தேதிக்குள் அட்வான்ஸ் வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல விஷயங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வேறு கடையில் வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்குங்கள், பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளில் போகலாமா?

பதில்: கூடாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில் போகலாம், ஆனால் அங்கே பஸ்ஸும் லாரியுமாக இருக்கும், நிம்மதியாக ஓட்டத்தானே கிளம்புகிறோம். நான் ரயிலில்தான் போடுகிறேன். முந்தின நாளே பார்சல் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, பெடலைக் கழற்றி, பின்னால் கியர் மாற்றும் டிரெயிலியர் பக்கம் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டிக் கொடுங்கள். எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் சாமான் இறக்கும் அளவுக்கு நிற்பதில்லை, ஆகவே மைசூருவுக்கே புக் செய்து, அங்கிருந்து காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு திரும்பி வருவது எளிது.