அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்ததா?

சட்டப்படி கிடைத்தது, ஆனால் கைக்கு வருவதுதான் பெரும்பாடு. 1776 ஆகஸ்ட் 26 அன்றே, அதாவது சுதந்திரப் பிரகடனம் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், கை கால் இழந்தவர்களுக்கும் பிழைப்புக்கு வழியில்லாமல் போனவர்களுக்கும் பாதிச் சம்பளம் என்று மாநிலங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் தீர்மானம் போட்டது. சரி, பணம்? வரி போடும் அதிகாரமே அதற்குக் கிடையாது, அதனால் கொடுக்கும் பொறுப்பு மாநிலங்கள் தலையில் விழுந்தது.

மார்கரெட் கார்பினைப் பாருங்கள். நியூயார்க்கில் இருந்த வாஷிங்டன் கோட்டைச் சண்டையில் கணவர் பீரங்கி அருகே செத்து விழ, அவர் இடத்தில் நின்று சுட்டவர். குண்டு பாய்ந்து ஒரு கை செயலிழந்தது. 1779இல் அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு வீரரின் பாதிச் சம்பளமும் ஒரு ஜோடி உடுப்பும் கொடுக்க முடிவானது. அதே பீரங்கி, அதே குண்டு, ஊனமுற்ற மற்ற வீரர்களுக்குச் சொன்ன அதே பாதிச் சம்பளம்.

1789இல் புதிய மத்திய அரசு இந்தச் செலவை ஏற்றது. அப்புறம் 1792 சட்டம் வந்தது: விண்ணப்பித்தவரின் காயத்தை மத்திய அரசின் வட்டார (சர்க்யூட்) நீதிமன்ற நீதிபதிகள் பரிசோதித்து எவ்வளவு தரலாம் என்று சொல்ல வேண்டும், ஆனால் போர்த்துறைச் செயலர் அதை நிறுத்தி வைக்கலாம். நீதிமன்றம் சொன்னதை ஓர் அதிகாரி மாற்றுவதா என்று பென்சில்வேனியாவில் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள், வில்லியம் ஹேபர்ன் என்பவரின் மனு அப்படியே நின்றது. நீதிபதிகள் சொன்னது நியாயம்தான், ஆனால் காத்துக் கிடந்தது காயம்பட்டவர். 1793இல் காங்கிரஸ் அந்த நடைமுறையை மாற்றியது.