திங்க்பேட் லேப்டாப்கள் 1992-லிருந்து இன்றுவரை எப்படியெல்லாம் மாறியிருக்கின்றன?

மாடல் எண்களை வரிசையாக எழுதினால் இந்தப் பதில் ரயில்வே கால அட்டவணை மாதிரி ஆகிவிடும். அதனால் கீபோர்டை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். திங்க்பேடின் கதையில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

1992 அக்டோபரில் ஐபிஎம் வெளியிட்ட 700சி-யிலிருந்து ஆரம்பிக்கலாம். 10.4 அங்குல வண்ணத்திரை, விலை 4,350 டாலர். வடிவமைத்தவர் ரிச்சர்ட் சாப்பர், மிலானில் வாழ்ந்த ஜெர்மானியர். ஜப்பானியர்களின் பென்டோ சாப்பாட்டுப் பெட்டிதான் அவருக்கு முன்மாதிரி. மூடியிருக்கும்போது ஒன்றும் சொல்லாத கறுப்புப் பெட்டி, திறந்தால்தான் உள்ளே விருந்து. பொறியியல் வேலை ஜப்பானின் யமாடோ ஆய்வகத்தில் அரிமாசா நைட்டோ தலைமையில் நடந்தது.

ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவே, மவுசுக்குப் பதிலாகத் திரையில் அம்புக்குறியை நகர்த்த இருக்கும் சிவப்புக் குமிழ் டெட் செல்கர் என்ற ஆய்வாளரின் யோசனை. கீபோர்டிலிருந்து மவுசுக்குக் கை போக முக்கால் விநாடி, திரும்பி வரவும் ஏறத்தாழ அவ்வளவே ஆகிறது, அந்த நேரத்தை மிச்சம் பிடித்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். ஐபிஎம் விதிப்படி சிவப்பு நிறம் அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டும்தானாம். எனவே காகிதத்தில் 'மெஜந்தா' என்று எழுதிக் காரியத்தை முடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இது நம்பக்கூடிய கதைதான்.

என் மனதுக்கு நெருக்கமானது 1995-ல் வந்த 701சி. திரை சிறியதென்றால் பெட்டியும் சிறியது, கீபோர்டும் நெருக்கடி. ஜான் கரிடிஸ் இதற்குக் கண்டுபிடித்த வழி அபாரம். கீபோர்டைக் குறுக்காக வெட்டி இரண்டு முக்கோணத் துண்டுகளாக்கினார். மூடியைத் திறந்தால் அவை நழுவி விலகி ஒன்று சேர்ந்து, பெட்டியைவிட அகலமான முழுக் கீபோர்டாக விரியும். பட்டாம்பூச்சி என்று பெயர் வந்தது அதனால்தான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. ஆனால் பெரிய திரைகள் வந்ததும் பெட்டிகளும் அகலமாகி, அந்த வித்தைக்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

2000-ல் வெறும் எண்களைக் கைவிட்டு ஏ, டி, எக்ஸ் என்று எழுத்துகளுக்கு வந்தார்கள். டி பொதுவான அலுவலக வேலைக்கு, எக்ஸ் பயணத்துக்கு. 2005-ல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவையே சீனாவின் லெனோவோ வாங்கியது. "இனி திங்க்பேட் அவ்வளவுதான்" என்று அன்று பேசாதவர்கள் குறைவு. யமாடோ குழு அப்படியே தொடர்ந்ததால் அது பலிக்கவில்லை.

2011-ல் வந்த டி420, எக்ஸ்220 போன்றவைதான் ஏழு வரிசைக் கீபோர்டு இருந்த கடைசித் தலைமுறை. 2016-ல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய டி420-ஐப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியது. ஒரு நாள் டீயைக் கொட்டிவிட்டேன், அதுவும் சர்க்கரை போட்ட டீ. கீபோர்டுக்கு அடியில் வடிகால் ஓட்டை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். சில விசைகள் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். அடியில் கீபோர்டு படம் போட்ட திருகுகளைக் கழற்றி, லெனோவோ இலவசமாகவே கொடுக்கும் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்து, புதுக் கீபோர்டை நானே மாட்டினேன்.

அப்புறம்தான் தடுமாற்றம். 2012-ல் டி, எக்ஸ் வரிசைகள் ஆறு வரிசைத் தட்டைக் கீபோர்டுக்கு மாறின. பழைய கீபோர்டை டி430-ல் பொருத்தி, ஃபர்ம்வேரையும் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மாற்றிக்கொண்ட பிடிவாதக்காரர்கள் இருக்கிறார்கள். 2013-ல் டி440-ல் குமிழுக்கான தனி கிளிக் பொத்தான்களை எடுத்துவிட்டார்கள். 2014 எக்ஸ்1 கார்பனில் எஃப்1, எஃப்2 விசைகளுக்குப் பதில் ஒரு தொடுபட்டை, கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் ஹோம், எண்ட்! கண்ணால் பார்க்காமல் தட்டச்சு செய்பவர்கள்தான் திங்க்பேட் வாங்குகிறார்கள் என்பதை மறந்துவிட்டார்கள் போல. 2015-ல் பொத்தான்களும் எஃப் விசைகளும் திரும்பி வந்தன. 2016-ல் ஆப்பிள் இதே மாதிரி ஒரு தொடுபட்டையைக் கொண்டுவந்து, பிறகு அவர்களும் கைவிட்டார்கள்.

2017-ல் 25-ஆம் ஆண்டுக்கென்று ஏழு வரிசைக் கீபோர்டோடு ஒரு சிறப்புப் பதிப்பு வந்தது. குறைந்த எண்ணிக்கையில்தான் செய்தார்கள். 2020-ல் டி490-க்குப் பின்னால் வந்தது டி14. நடுவில் மெல்லியதாக்கும் மோகத்தில் ரேமைப் பிறகு மாற்ற முடியாதபடி போர்டிலேயே சோல்டர் செய்யும் பழக்கம் டி வரிசைக்கும் பரவியிருந்தது. 2024-ல் வந்த ஐந்தாம் தலைமுறை டி14-ல் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் மீண்டும் வந்துவிட்டன. இன்று எதை வாங்கலாம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். எடை குறைவாக வேண்டும் என்றால் எக்ஸ்1 கார்பன், ஆனால் அதில் ரேம் சோல்டர் செய்யப்பட்டது என்பதால் வாங்கும்போதே போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இடது மூலையில் எஃப்என், அதற்கு அடுத்து கண்ட்ரோல் என்பது திங்க்பேடில் காலம்காலமாக இருந்த வரிசை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திட்டியது. அதையும் 2024-ல் மாற்றிவிட்டார்கள். இப்போது அலுவலகத்தில் கொடுத்திருக்கும் புதியதில் காப்பி செய்யப் போய் எஃப்என்-ஐ அழுத்துவது நான்தான். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போய்ப் பழையபடி மாற்றிக்கொண்டேன்.