12 இலட்சம் இலாபம், வங்கியில் 70,000: மிச்சம் எங்கே?

கேள்வி: திருகோணமலையில் வலை, எஞ்சின் உதிரிப்பாகம் விற்கும் கடை நடத்துகிறேன். மார்ச் 31 வரையான வருடத்துக்கு 12 இலட்சம் ரூபா இலாபம் என்று கணக்காளர் எழுதித் தந்திருக்கிறார். வங்கியிலோ 70,000தான் கிடக்கிறது. போன வருடம் இதே நாளில் 330,000 இருந்தது. மச்சான் பங்காளியாகச் சேரக் கேட்கிறார். அவருக்கு எதைக் காட்டுவது?

பதில்: காசு களவு போகவில்லை. கடனுக்குக் கொடுத்த வலையும் கொடுத்த அன்றே வருமானமாகப் பதியப்படும். காசு வரும் நாள் வேறு. நீங்கள் அனுப்பிய, போன வருடத்தினதும் இந்த வருடத்தினதுமான இரண்டு ஐந்தொகைகளையும் (அந்த நாளில் கடைக்கு உள்ளதையும் கொடுக்க வேண்டியதையும் காட்டும் தாள்) அருகருகே வைத்துப் பாருங்கள்.

இலாபம் 1,200,000. பெறுமானத்தேய்வாக, அதாவது கடையின் உபகரணங்கள் பழசாவதற்காகக் கழித்த 120,000 யார் கைக்கும் போகவில்லை, அதைத் திருப்பிக் கூட்டுங்கள். கடன்பட்டோர், அதாவது வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, 520,000ஆலும் சரக்கிருப்பு 380,000ஆலும் கூடியிருக்கின்றன, கழித்தால் 420,000. மொத்த வியாபாரிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 100,000 ஏறியிருக்கிறது, ஆகவே 520,000. வங்கிக் கடனின் அசலில் 180,000 கட்டியிருக்கிறீர்கள். வட்டிதான் செலவு, அசல் இலாப நட்டக் கணக்கில் வராது. வீட்டுக்கு மாதம் 50,000, வருடத்துக்கு 600,000 எடுத்ததும் செலவல்ல, எடுப்பனவு. இரண்டும் போனால் 260,000 குறை. போன வருட மீதியில் அதைக் கழியுங்கள்: 70,000.

மார்ச் 31 உங்கள் தொழிலுக்குப் பொல்லாத திகதி. வாடைக்காற்று ஓய்ந்து கடலுக்குப் போக ஆயத்தமாகிறவர்கள் கடனுக்குச் சாமான் எடுக்கும் நேரம் அது. கடன் கூடியதற்காகப் பயப்படாதீர்கள், அது எவ்வளவு பழசு என்று பாருங்கள். கடன் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டம் போடுங்கள்: 30 நாளுக்குள், 31–90, 91–180, அதற்கு மேல். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். ஒருவர் 5,000 கட்டிவிட்டு 20,000க்குப் புது வலை எடுத்தால், கொப்பியில் ஒரே மொத்தமாக எழுதுவார்கள். பழைய பாக்கி அதற்குள் ஒளிந்துவிடும். பில் வாரியாகக் கழியுங்கள். ஒரு பருவம் முழுக்கத் தொழில் செய்தும் கட்டாதவரின் பாக்கியை அறவிடமுடியாக் கடனாகப் பதியுங்கள். அப்படி இரண்டரை இலட்சம் தேறினால், உங்கள் இலாபம் ஒன்பதரை இலட்சம்தான்.

சரக்கை வாங்கிய விலை, இன்று விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இரண்டில் குறைந்ததில் போடுங்கள். எலி கடித்த வலையை வாங்கிய விலையில் எழுதினால் இலாபம் வீங்கும்.

மச்சானிடம் இரண்டு ஐந்தொகைகள், அந்த நான்கு கட்ட அட்டவணை, 12 மாத வங்கிக் கூற்று, மூன்றையும் கொடுங்கள். அவர் போடுவது மூலதனமா கைமாற்றா என்று எழுத்தில் இருக்கட்டும். அவர் சேருமுன் கொடுத்த கடன் வராமல் போனால் அந்த நட்டம் யாருக்கு என்பதையும், காசு கைமாறுமுன் அதே தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.