தோட்ட ஆபீசின் பழைய கணினியில் ஓடுவது எந்த விண்டோஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டிருப்பது இது: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். குலை ஏற்றிய லோரியின் எடையைப் பதியும் புரோகிராமை மாற்ற வேண்டும். கணினிப் பெட்டியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறது, திரையைப் பார்த்தால் 10 மாதிரி தெரிகிறது. புரோகிராம் போடுபவர் ஈப்போவிலிருந்து கிளம்புவதற்கு முன் “என்ன வெர்ஷன்?” என்று கேட்கிறார். ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி என்ன பதில் சொல்வது?

முதலில் ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். கணினி கடையைவிட்டு வந்த நாளில் உள்ளே என்ன இருந்தது என்பதைத்தான் அது சொல்லும். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு, 7-ம் 8.1-ம் வைத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 10-ஐ இலவசமாகக் கொடுத்தது. கெடு முடிந்த பிறகும் 7-இன் சாவி எண்ணைப் போட்டால் 10 ஏற்றுக்கொண்டது. 2023 செப்டம்பரில்தான் அந்த வழியை அடைத்தார்கள். அதனால் வெளியே 7, உள்ளே 10 என்பது சர்வசாதாரணம். திரையின் தோற்றத்தையும் நம்ப முடியாது. ஸ்டார்ட் மெனுவைப் பழையபடி மாற்றிக் காட்டும் சின்னப் புரோகிராம்கள் நிறைய உண்டு.

விண்டோஸ் சின்னம் போட்ட விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் வின்வெர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர், ஆறே எழுத்து. விசைப்பலகை ரொம்பப் பழசு, விண்டோஸ் விசையே இல்லை என்றால் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டார்ட் மெனு திறக்கும், அங்கேயே அடிக்கலாம்.

வரும் சாளரத்தில் இரண்டாவது வரிதான் முக்கியம். வெர்ஷன் 22எச்2, ஓஎஸ் பில்ட் 19045, பிறகு ஒரு புள்ளி, அதன் பின் இன்னோர் எண் என்று இருக்கும். பில்ட் எண்ணை, அதாவது அந்த வெளியீட்டின் அடையாள எண்ணை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஏமாற்றும், இந்த எண் ஏமாற்றாது. 2600 என்றால் எக்ஸ்பி. 7601 என்றால் சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பு போட்ட விண்டோஸ் 7. 7600 என்றால் அதுகூடப் போடாத 7. 9200 விண்டோஸ் 8, 9600 என்றால் 8.1. 10-இன் கடைசி வெளியீடு 19045. 22000-மும் அதற்கு மேலும் வந்தால் 11: 22621 என்பது 22எச்2, 22631 என்பது 23எச்2, 26100 என்பது 24எச்2, 26200 என்பது 25எச்2. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் மாதாமாதம் வரும் அப்டேட்டைக் குறிக்கும். புரோகிராம் போடுபவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

10-ஆ 11-ஆ என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். காரணம், 11-ம் உள்ளுக்குள் தன்னை 10.0 என்றே சொல்லிக்கொள்கிறது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் (கமாண்ட் ப்ராம்ப்ட்) வெர் என்று அடித்தால் 10.0.22631 என்று வரும். “10 தானே” என்று சொல்லிவிடுகிறார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் பெயரும் 11-இல் ‘விண்டோஸ் 10 ப்ரோ’ என்றுதான் நிற்கிறது. அதை வாசித்துக் காட்டும் புரோகிராம்களும் அதே தப்பைச் செய்யும்.

அதே வின்வெர் சாளரத்தில் கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அதில் ஹோம், ப்ரோ, என்டர்பிரைஸ் என்று எடிஷன் தெரியும். என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி (நீண்ட காலம் அப்டேட் வரும் தனிப் பதிப்பு) என்று இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இயந்திரங்களோடு சேர்ந்து வரும் கணினிகளில் அது இருப்பதுண்டு, அதன் கணக்கே தனி: 17763 என்றால் 2019 எல்டிஎஸ்சி, 2029 ஜனவரி 9 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். சாதாரண 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

வின்வெர் சொல்லாத ஒன்று உண்டு: 32 பிட்டா, 64 பிட்டா? எடைப் புரோகிராம் விஷயத்தில் வெர்ஷனைவிட இதுதான் பெரிய கேள்வி என்பேன். பழைய புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது, அதாவது 16 பிட் என்றால், அது 32 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். 64 பிட்டில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. இது தெரியாமல் ‘புதுசு நல்லது’ என்று 11 போட்டுவிட்டால் பழைய பதிவுகளைத் திறந்து பார்க்கக்கூடத் திண்டாட வேண்டியிருக்கும்.

10-இல் பார்க்க: செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். கணினி மலாயில் இருந்தால் தெத்தாப்பான், சிஸ்தெம், பெரிஹால். சிஸ்டம் டைப் வரியில் இரண்டு செய்தி இருக்கும்: முன்பாதி விண்டோஸைப் பற்றியது, பின்பாதி ப்ராசஸரைப் பற்றியது. முன்பாதியில் 32 பிட் என்றும், பின்பாதியில் எக்ஸ்64 என்றும் இருக்கலாம். அப்படியானால் உங்களுடையது 32 பிட் விண்டோஸ்தான். 64-ஐப் பார்த்ததும் மயங்க வேண்டாம். சுருக்கு வழி வேண்டுமா? சி டிரைவைத் திறங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் ஒன்றுதான் இருந்தால் 32. பக்கத்திலேயே எக்ஸ்86 என்ற வாலோடு இன்னொன்றும் இருந்தால் 64.

தராசிலிருந்து வரும் கேபிளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒன்பது ஊசி உள்ள பழைய சீரியல் பிளக் நேராகக் கணினியில் செருகியிருந்தால் கவலை குறைவு. நடுவில் யூஎஸ்பி மாற்றி இருந்தால், ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் கம்ப்யூட்டர் மேல் வலது சொடுக்கி மேனேஜ் போக வேண்டும். மாற்றிக்குள் இருப்பது புரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய பிஎல்2303 சிப் என்றால், 7-இல் நன்றாக ஓடியது புது டிரைவரில் (சாதனத்தை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள்) நின்றுவிடும். 2012 முதல் அந்தச் சிப் நிறுத்தப்பட்டுவிட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று டிவைஸ் மேனேஜரே எழுதிக் காட்டும். தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்ற வேண்டாம். மாற்றியை மாற்றினால் போதும். போர்ட்ஸ் பகுதியில் தெரியும் காம் எண்ணையும் (தராசு இணைந்திருக்கும் வாசலின் எண்) குறித்துக்கொள்ளுங்கள். மாற்றியை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம்3 இருந்த இடத்தில் காம்5 வரலாம். புரோகிராம் பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும், எடை வராது.

விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்றால் டெர்மினலில் கேட், இடைவெளி, சாய்கோடு, இடிசி, சாய்கோடு, ஓஎஸ், சிறுகோடு, ரிலீஸ் என்று சிறிய எழுத்தில் அடியுங்கள். யுநேம் கட்டளை கெர்னல் எனும் மையப் பகுதியின் எண்ணைத்தான் தரும், வெளியீட்டின் பெயரைத் தராது. மேக் என்றால் மூலையில் இருக்கும் ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, வரும் முதல் வரியைத் திறந்தாலே போதும்.

கணினி திறக்கவே இல்லையா? பழுதுபார்க்க வரும் ரெகவரித் திரையில் வெர் அடித்துப் பார்க்காதீர்கள். அது ரெகவரியின் சொந்த எண்ணைச் சொல்லும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-ஐத் திறந்து, என் டி ஓ எஸ் கே ஆர் என் எல் என்ற கோப்பில் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸைப் பாருங்கள். ஃபைல் வெர்ஷனில் எண் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 10-இல் 19041 முதல் 19045 வரை எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கோப்புகள் ஒன்றே. ஆகவே 22எச்2-ஆகவே இருந்தாலும் இங்கே 19041 என்றுதான் தெரியும். 22631-க்கு 22621-ம், 26200-க்கு 26100-ம் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

கணினி திறந்தால், வின்வெர் சாளரத்தையும் சிஸ்டம் டைப் வரியையும் டிவைஸ் மேனேஜரையும் கைப்பேசியில் படமெடுத்து ஈப்போவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னால் 19045 போய்ச் சேரும்போது 19054 ஆகியிருக்கும்.