கேரவன் ஜன்னல் பிளைண்ட்: கோளாறு துணியில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது

கொழிஞ்சாம்பாறையில் வண்டி இன்டீரியர் வேலை செய்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் வண்டிகள் வரும். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, ஜன்னல் பிளைண்ட், அதாவது வெயிலை மறைக்க ஜன்னலில் இழுத்து மூடுகிற திரை பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பொள்ளாச்சியிலிருந்து: அண்ணா, சுருள் பிளைண்டைக் கீழே இழுத்தா வருதுங்க, விட்டா மேலே போக மாட்டேங்குது. பாதியிலேயே தொங்குது. புதுசு வாங்கிடலாமா?

பொறுங்கள். சுருள் பிளைண்டின் குழாய்க்குள் நீளமாக ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நாம் இழுக்கும்போது அது முறுக்கேறும், விட்டதும் அந்த முறுக்குதான் துணியைச் சுருட்டும். நாளாக நாளாக முறுக்கு தளரும். துணியில் ஒரு குறையும் இருக்காது.

முதலில் கேசட்டை, அதாவது குழாயை மூடியிருக்கும் நீளப் பெட்டியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூவெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். குழாயின் இரண்டு நுனியையும் பாருங்கள். ஒரு பக்கம் சும்மா சுற்றுகிற முளை. மறு பக்கம் தட்டையான முளை, அல்லது ஸ்க்ரூடிரைவர் வைக்கிற மாதிரி வெட்டு. இந்தப் பக்கத்தில்தான் ஸ்பிரிங் இருக்கிறது. துணியை முழுதாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, மூக்கு பிளையரால் அந்த முளையைப் பிடித்துத் திருப்புங்கள். எந்தத் திசையில் இறுக்கம் கூடுகிறதோ அதுதான் சரியான திசை. நாலைந்து சுற்று கொடுத்து, மாட்டி, இழுத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் இரண்டு. எடுத்தவுடனே இருபது சுற்று கொடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பிளைண்ட் பட்டென்று மேலே அடித்து ஓர மூடி உடையும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கே அறுந்துவிடும்.

முளையைப் பிடித்த பிடியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். மொத்த முறுக்கும் ஒரு நொடியில் அவிழும், விரலைப் பதம் பார்த்துவிடும்.

எவ்வளவு திருப்பினாலும் இறுக்கமே ஏறவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. அப்போதும் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

வாளையார் பக்கத்திலிருந்து: பிளைண்ட் ஓடுகிற சட்டம் சிக்கிச் சிக்கி நின்றது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்னைவிட மோசம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற இடத்தில் எண்ணெய் விட்டால் தூசியை அழைத்து உட்கார வைத்த மாதிரிதான். கிரீஸும் அப்படியே. முதலில் எண்ணெயை எடுங்கள்: வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், பிறகு ஈரத்துணி. நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்து, அந்தத் துணியால் சட்டத்தைத் துடையுங்கள். நேராகச் சட்டத்தில் அடித்தால் பிளைண்டில் கறை விழும்.

தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் அந்தப் பக்கமே வேண்டாம். கேரவன் ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். இவை பட்டால் முடி முடியாகக் கீறல் விழுந்து பால் பூத்துப்போகும், திரும்பச் சரிசெய்யவே முடியாது.

கம்பத்திலிருந்து: அண்ணே, மடிப்பு மடிப்பா இருக்கிற பிளைண்ட். ஒரு பக்கம் இறங்குது, இன்னொரு பக்கம் சாஞ்சு நிக்குது. குமுளிக்கு ஏறும்போது தானாவே கீழே இறங்கிடுது.

நூல்தான் காரணம். மடிப்பு பிளைண்டில் ஸ்பிரிங் குழாய் கிடையாது. மடிப்புகளின் துளை வழியாக மெல்லிய நூல்கள் ஓடும். இடது மேல் மூலையில் கிளம்புகிற நூல், ஏறி இறங்குகிற நடுச் சட்டத்துக்குள் குறுக்கே போய் வலது கீழ் மூலையில் முடியும். வலது மேலிருந்து கிளம்புவது இடது கீழே வரும். இந்தக் குறுக்கு ஓட்டம்தான் சட்டத்தைச் சாயாமல் பிடித்து வைக்கிறது. நூலின் இறுக்கம்தான் நிறுத்தின இடத்தில் நிற்கவும் வைக்கிறது. ஒரு நூல் தளர்ந்தாலோ அறுந்தாலோ நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் சேர்ந்தே வரும்.

கழற்றுவதற்கு முன் நாலு மூலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பிரித்துவிட்டு, நூல் எந்த வழியே போனது என்று தெரியாமல் துணியோடு பையில் போட்டு எடுத்து வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். அறுந்தது ஒன்றே என்றாலும் எல்லா நூலையும் மாற்றுங்கள். மற்றவையும் அதே வயதுதானே. பழைய நூல் அறுபடாமல் தளர்ந்து மட்டும் இருந்தால், புது நூலின் நுனியை அதன் வாலில் கட்டி மெதுவாக இழுங்கள், அதுவே வழி காட்டும்.

நூல் பின்னிய பாலியஸ்டராக இருக்கட்டும், கனம் பழையதை ஒத்து. ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு வேண்டாம், அது நாளடைவில் நீளும், துளையையும் அறுக்கும். நுனியில் சின்ன ஸ்பிரிங் இருந்தால் தொலைக்காமல் எடுத்து வையுங்கள். முடிச்சை இறுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே இழுவை இருக்கிறதா என்று சட்டத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

சிற்றூரிலிருந்து: வண்டியை வெயிலில் நிறுத்தி, எல்லா பிளைண்டையும் முழுசாக மூடிவிட்டுப் போனேன். ஜன்னல் லேசாக வளைந்திருக்கிறது, பிளைண்டும் அலை அலையாக நிற்கிறது. பிளைண்ட் மட்டமானதா?

பிளைண்ட் மட்டமில்லை. ஜன்னலுக்கும் பிளைண்டுக்கும் நடுவே காற்று அடைபட்டுச் சூடாகிவிட்டது. நம் பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியை எட்டுகிறது, அந்த இடுக்கில் அதைவிட எவ்வளவோ கூடும். அக்ரிலிக் இளகி வளைகிறது, பிளைண்ட் துணியும் சுருங்குகிறது. வெயிலில் நிறுத்தும்போது முக்கால் பங்கு மட்டும் மூடுங்கள், கீழே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். வெள்ளிப் பூச்சுள்ள பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். யாராவது கழற்றித் திருப்பி மாட்டியிருந்தால் அதையும் சரிபாருங்கள்.

சூட்டை வெளியிலேயே நிறுத்துவது இன்னும் நல்லது. ஷீட் கூரைக்கு அடியில் போடும் குமிழ் வைத்த அலுமினிய ஃபாயில் கட்டடச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஜன்னல் அளவுக்கு வெட்டி, வெளிப்பக்கமாகக் கட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது சுருள் பிளைண்டை இழுத்து மூடி வைக்காதீர்கள். ஸ்பிரிங் முறுக்கேறின நிலையிலேயே கிடந்து சோர்ந்துவிடும்.

செங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, ஆரியங்காவு தாண்டினா பிளைண்டைப் பார்த்துக் கேட்பாங்களா?

கேட்கலாம். 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்று திரைச்சீலைக்கும் கறுப்பு ஃபிலிமுக்கும் எதிராகச் சோதனை நடத்தியது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வண்டி ஓடும்போது முன் கண்ணாடி, ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் பிளைண்டுகளை முழுக்க ஒதுக்கி, கிளிப் போட்டு வையுங்கள். சோதனைக்காக மட்டும் சொல்லவில்லை. மலைப் பாதை வளைவில் பிளைண்ட் கண் முன்னே இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: அண்ணா, துணி கிழிஞ்சிடுச்சுங்க. டொமெட்டிக், ரெமிஸ் மாதிரி வெளிநாட்டு கேசட் வாங்க வசதியில்லை. நான் தையல் வேலை செய்யறேன், நானே துணி மாத்தலாமா?

தாராளமாக மாற்றலாம் அம்மா, என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். ஒன்றே ஒன்று: கனமான துணி எடுத்துவிடாதீர்கள். சுருளும்போது பருத்து, கேசட்டுக்குள் போகாமல் அடைத்துக்கொள்ளும். பழைய துணியின் கனத்தையே பிளாக்அவுட், அதாவது வெளிச்சம் புகாத துணியில் தேடுங்கள். மூலைகள் துல்லியமாகச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சுருள் ஒரு பக்கமாக நகர்ந்து ஓரம் தேயும். பக்க ஓரங்களை மடித்துத் தைத்தால் அங்கே மட்டும் தடிக்கும், அதனால் நூல் பிரியாத ரகமாகப் பார்த்து மடிக்காமல் விடுங்கள். குழாயில் ஒட்ட நல்ல இருபக்க டேப் போதும்.

வண்டிப்பெரியாறிலிருந்து: மழைக்காலத்தில் பிளைண்டில் கறுப்புப் புள்ளி.

பூஞ்சை. மென்மையான பிரஷும் சோப்பு நீரும். மடிப்பு பிளைண்டை முக்கி ஊற வைக்காதீர்கள், மடிப்பு போய்விடும். காய்ந்த பிறகே சுருட்டுங்கள்.

பாலக்காட்டிலிருந்து: மோட்டார் பிளைண்ட் அசையவே இல்லை.

முதலில் ஃபியூஸ், அப்புறம் பேட்டரி, அப்புறம் ஸ்விட்ச். கையால் இழுக்காதீர்கள், பல்சக்கரம் உடையும்.

நெம்மாறையிலிருந்து: நெல்லியாம்பதியில் தங்கினபோது கொசுவலையில் ஓட்டை. தைத்துவிடலாமா?

தைத்தால் முடிச்சு தடித்து, சுருளும்போது சிக்கும். ஒரு அரிசி மணி அளவு ஓட்டையென்றால் இழைகளை ஊசியால் நேராக்கி, நிறமில்லாத ஃபேப்ரிக் பசை ஒரு சொட்டு விட்டுக் காயவையுங்கள். விரல் நுழைகிற ஓட்டை என்றால் வலையை மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் முறுக்கு முன்னே சொன்ன முறைதான், வலை லேசானது என்பதால் சுற்று இன்னும் குறைவாகவே போதும்.