பஸ் ஸ்டாண்ட் திரையில் ‘சேதாரம் 0%’, கடையில் 14 சதவீதம்

பொது இடங்களில் ஓடும் விளம்பரத் திரைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த நான்கை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு 3 சவரனில் ஆரம் எடுக்கக் காரைக்குடி போனோம். பஸ் ஸ்டாண்டில் இருந்த பெரிய திரையில் ‘எல்லா நகைகளுக்கும் சேதாரம் 0%’ என்று ஒரு நகைக்கடை விளம்பரம் ஓடியது. அதை நம்பித்தான் அந்தக் கடைக்குப் போய், 20,000 ரூபாய் முன்பணமும் கட்டினோம். பில் போடும் நேரத்தில் 14 சதவீதம் சேதாரம் என்கிறார்கள். கேட்டால், “ஆஃபர் தங்கக் காசுக்கும் பிளெயின் வளையலுக்கும்தாம்மா, விளம்பரத்துல ஸ்டார் போட்டிருக்கே, பாக்கலையா?” என்கிறார் சேல்ஸ்மேன். நாங்கள் ஏமாளிகளா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இல்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 3 சவரன் என்றால் 24 கிராம். அதில் 14 சதவீதம் 3.36 கிராம். கிட்டத்தட்ட அரைச் சவரன் விலையை ஒரு சின்ன நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பத்திரிகை, டிவி, பஸ் ஸ்டாண்ட் திரை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நிபந்தனை வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். சாதாரணப் பார்வை உள்ள ஒருவர், நியாயமான தூரத்தில் நின்று, நியாயமான வேகத்தில் ஒரே ஒரு முறை படித்தாலே புரிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்து மறுக்கக் கூடாது. ‘எல்லா நகைகளுக்கும்’ என்று தலைக்கு மேல் ஓட்டிவிட்டு, ‘காசுக்கும் வளையலுக்கும் மட்டும்’ என்று கீழே போடுவது மறுப்பு அல்லாமல் வேறென்ன? பத்து விநாடி ஓடும் படத்தில், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், கையில் பையோடு நிற்பவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் எதிர்பார்த்தால், அவரையே அங்கே நிற்கவைத்துப் படிக்கச் சொல்லலாம்.

இன்னும் பில் போடவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். சேதாரம் 14 சதவீதம் என்று தெரிந்தே முழுப் பணத்தையும் கட்டி நகையை வாங்கிவிட்டால் வழக்கு இளைத்துப்போகும். அதனால் இப்போதே கடைக்கு எழுத்தில் கொடுங்கள்: விளம்பரத்தில் சொன்னபடி தாருங்கள், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள். முன்பண ரசீது பத்திரம்.

அப்புறம் ஆதாரம். நோட்டீஸ் என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். திரையில் ஓடுவது அடுத்த நிமிடம் இருக்காது. நாளைக்கே கடைக்காரர் மாற்றியும் விடலாம். அடுத்த முறை பஸ் ஸ்டாண்ட் போகும்போது, அது இன்னும் ஓடினால், முதலிலிருந்து கடைசி வரை செல்போனில் வீடியோ எடுங்கள். திரை இருக்கும் இடம் தெரிய வேண்டும், அந்த ஸ்டாரும் தெரிய வேண்டும். அது எவ்வளவு சின்னது என்பதுதான் உங்கள் வாதம்.

கடை மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடையோடு பேசி முடிக்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். விளம்பரத்தையே நிறுத்தவைக்க வேண்டும் என்றால் கலெக்டரிடமும் புகார் தரலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் போதும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. திரை வைத்திருப்பவர் வழக்கமான தொழில்முறையில் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார். மத்திய ஆணையம் தடுத்தது தெரிந்தும் ஓட்டினால் அவரும் மாட்டுவார்.

எந்தக் கடையில் வாங்கினாலும் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹால்மார்க் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். ‘சேதாரம் இல்லை’ என்கிற இடத்தில் கல்லையும் தங்க எடையில் சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: கோட்டையூரில் வீட்டிலேயே தேன்குழல், மணகோலம், அதிரசம் செய்து விற்கிறேன். பஸ் ஸ்டாண்ட் திரையில் 10 விநாடி விளம்பரம், ‘தினமும் 500 தடவை’, மாதம் 9,000 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்லும் 500ஐ நீங்களே சரிபார்க்கலாம். மொத்தம் எத்தனை விளம்பரம் சுற்றி வருகிறது என்று கேளுங்கள். 12 விளம்பரம், ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால் ஒரு சுற்று 2 நிமிடம். மணிக்கு 30 முறை. 500 வர வேண்டுமானால் திரை 16 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதில் விடிவதற்கு முன்பும் ராத்திரி கடைசி பஸ் போன பிறகும் எவ்வளவு? தீபாவளி நெருக்கத்தில் இன்னும் 12 பேர் சேர்ந்தால் உங்கள் பங்கு பாதியாகிவிடும். ஆகவே சுற்றில் அதிகபட்சம் எத்தனை விளம்பரம், தினமும் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கி எத்தனை மணிக்கு நிற்கும், கரண்ட் போனாலோ திரை பழுதானாலோ அந்த நாளைக்கு ஈடு உண்டா, இதெல்லாம் எழுத்தில் வரட்டும். எந்த நேரத்தில் ஓடியது என்ற பதிவைப் பல திரைகளின் மென்பொருளிலிருந்தே எடுக்கலாம், மாதக் கடைசியில் கேளுங்கள். அந்த இடத்தில் திரை வைக்க உள்ளாட்சி அனுமதி இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பாதியில் கழற்றச் சொன்னால் உங்கள் பணமும் அதோடு போகும்.

வியாபாரத்துக்காக வாங்கும் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் வாங்கும் பொருளைத்தான் சொல்கிறது; விளம்பரம் போன்ற சேவைக்கும் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். விளம்பரம் எழுதும்போது ‘செட்டிநாட்டின் நம்பர் 1’ என்றெல்லாம் போடாதீர்கள். நிரூபிக்கச் சொன்னால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், 12 மாதத்துக்கு ஒப்பந்தம் வேண்டாம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம், தீபாவளி, பொங்கல், இந்த மூன்றுக்கும் மட்டும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: திரைக்கு மேல் சின்னக் கேமரா இருக்கிறது. நம்மைப் படம் பிடிக்கிறார்களா?

பதில்: பாதுகாப்புக் கேமராவாகவும் இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள், உத்தேச வயது என்ன, ஆணா பெண்ணா என்று கணக்கெடுக்கும் கேமராக்கள் உலகில் இருக்கின்றன. கனடாவில் 12 மால்களின் வழிகாட்டித் திரைகளில் இப்படிக் கேமரா வைத்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட முகங்களைச் சம்மதமில்லாமல் பதிந்ததை அந்நாட்டு அதிகாரிகள் 2020இல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதற்கு 18 மாதம் கழித்துத்தான் அமலாகும். நான் பார்த்தவரை நம்மூர்த் திரைகளில் பாதி, பென்டிரைவ் செருகிய டிவிதான். சந்தேகமிருந்தால் திரை நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் 500 ரூபாய் பரிசாம். செய்யலாமா?

பதில்: பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். திரைக் கண்ணாடியின் மேல் யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள், பேங்குக்கும் சொல்லிவிடுங்கள்.